மீட்டரில் ஏறாத தூரம்

வெண்டலின் ஹேபர்லேயின் டீசல் காருக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கும் கெர்ஹில்டுக்கும் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். இரண்டில் எதை அதிகம் துடைத்துப் பராமரித்தார் என்று யாராவது கேட்டால் கெர்ஹில்ட் சிரிப்பாளே தவிர, பதில் சொல்லமாட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, வண்டி அப்படிப்பட்டது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வெண்டலின் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் பிறந்தது. பனி கொட்டும் ஜனவரிக் காலையிலும் இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பிவிடும். வேகமாகப் போகச் சொன்னால் மட்டும் யோசிக்கும். ஸீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரையும் வெண்டலின் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதி வந்தார். எட்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது மீட்டர் 4,99,994-இல் நின்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூப்பிடு தூரத்திலிருந்த ஊர் விளையாட்டு மைதானத்தில் பழைய டீசல் கார் சங்கத்தார் கூடுவார்கள். எல்லோரும் பார்க்க வெண்டலின் மைதானத்தைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் ஓட்டுவார். ஐந்து லட்சம் விழும். சங்கத் தலைவர் எக்கேஹார்ட் வெண்கலப் பதக்கத்தைக் கொடுப்பார். அதற்காக வெண்டலின் பத்து நாளாக வண்டியை எடுக்கவில்லை, பல் டாக்டரிடம்கூட பஸ்ஸில்தான் போய் வந்தார்.

அந்த எண் பொய் என்பது உலகத்தில் கெர்ஹில்ட் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகள் சில்கே, அப்பா வாங்கிக் கொடுத்த தொழிற்சாலை வேலையை எட்டே மாதத்தில் உதறிவிட்டு, காஸெலில் ரொட்டிக் கடை வைக்கப்போகிறேன் என்று கிளம்பினாள். அப்பனும் மகளும் வாசலில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அதோடு சரி. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு. அந்த வீட்டில் சில்கேயின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

ஆனால் பெற்றவள் எத்தனை நாள் பொறுப்பாள்? வெண்டலின் வருஷத்துக்கு மூன்று தடவை மலையேறும் கூட்டாளிகளோடு ரயிலில் போய் இரண்டு நாள் தங்கி வருவார். அந்த இரண்டு நாளில் அவள் அவருடைய வண்டியிலேயே காஸெல் போய் வந்தாள். நோட்டை எப்படி ஏமாற்றுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக அவர் ரிப்பேர் பார்க்கும்போது டார்ச் பிடித்தவள் அவள்தான். டாஷ்போர்டிலிருந்து மீட்டரை இழுத்துப் பின்னாலிருக்கும் கேபிளைக் கழற்றிவிட்டால் எண் நகராது, வேகமும் தெரியாது. வேகம் தெரியாததால் வழி முழுக்க ஏதாவது ஒரு லாரியின் பின்னாலேயே போவாள். திரும்பி வந்ததும் டீசல் போட்டு முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, கேபிளை மாட்டி, கை கழுவிவிட்டு, உருளைக்கிழங்கை வேகவைப்பாள்.

சங்கத்திலோ, மீட்டரைத் திருகிக் குறைத்து வண்டியை விற்ற ஒருவரை ஆறு வருஷத்துக்கு முன் வெளியே தள்ளியிருந்தார்கள். தள்ளச் சொல்லி மேஜையைத் தட்டியவர் வெண்டலின்.

அன்று மாலை காரேஜில் வண்டியைத் துடைத்தபடி, மறுநாள் பேசப்போவதை அவர் அவளிடம் படித்துக் காட்டினார். 'இந்தக் கண்ணாடிக்குள் தெரிகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உண்மை' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. கெர்ஹில்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வெண்டலின், அந்த வரியை அடிச்சிடு."

"ஏன், நல்லா இல்லையா?"

"உண்மை இல்ல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள், லாரி, காஸெல். மகள் பெயரைச் சொன்னபோது அவர் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"அப்போ அந்த டயர்?"

சீக்கிரம் தேய்ந்துவிட்டன என்று டயர் கம்பெனிக்கு அவர் இரண்டு தடவை காட்டமாகக் கடிதம் எழுதியிருந்தார். எண்ணை நம்பிய மனிதர் கண்ணை நம்பவில்லை. கம்பெனிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுப் புது டயரே அனுப்பியிருந்தார்கள்.

"டயர் மேல தப்பில்ல," என்றாள் கெர்ஹில்ட். "என் மேலதான்."

அவர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். போய் வர எழுநூற்று நாற்பது, முப்பத்து மூன்று தடவை. இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். உண்மையில் ஐந்து லட்சம் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் அதைக் கொண்டாடவுமில்லை, பார்க்கவுமில்லை.

"வழியில எங்கயாவது நின்னுச்சா?" என்று கேட்டார்.

"ஒரு தடவைகூட இல்ல. நின்னிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன். மழை, பனி, எதுவானாலும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வந்துச்சு. உன்னை மாதிரி ஒரு வார்த்தை கேட்கல, கிழவா."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தார். கெர்ஹில்ட் பயந்துபோனாள். இருந்த கொஞ்சநஞ்சத்தையும் கெடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. இனிமேல் காஸெல் பயணமும் கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு மைதானத்தில் பதினெட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. பிளம்ஸ் கேக்குக்குக் குளவிகள் வந்துவிட்டன. வெண்டலின் இறங்கி, வண்டியைச் சுற்றவிடாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, மீட்டர் எண் தப்பு என்று அறிவித்தார். எக்கேஹார்ட் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், கூடத்தானே ஓடியிருக்கிறது, குறையவில்லையே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொன்னார். ஒருவரை வெளியே தள்ளிய வாய் இது, தனக்கு ஒன்று ஊருக்கு ஒன்று சொல்லாது என்றார் வெண்டலின். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படித் திரும்பினார்.

"இருபத்து நாலாயிரம் கிலோமீட்டர் நோட்டுல இல்ல. என் பொண்டாட்டி எங்க மகளைப் பார்க்கப் போயிட்டு வந்த தூரம் அது. என்னால போக முடியாததை இந்த வண்டி போயிருக்கு. பதக்கம் எனக்கு வேண்டாம். கேக்கைச் சாப்பிடுங்க."

எங்க மகள். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. கெர்ஹில்டுக்கு அழுகை வந்தது, அத்தனை பேர் முன்னால் அழுதாள்.

வெண்டலின் அவள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த ஸீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டைத் தேடத் தெரியாமல் கொஞ்சநேரம் தடவினார்.

"உனக்குத்தான் வழி தெரியும்," என்றார்.

வூர்ட்ஸ்பர்க் தாண்டியதும் முன்னால் போன லாரியை முந்தச் சொன்னார், அவள் முந்தவில்லை. ஃபுல்டா பக்கம் வந்தபோது, சில்கே கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். சாத்தினால் காரிலேயே உட்கார்ந்திருப்போம், ஸீட் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் அவள். மீட்டர் எண்கள் தம் பாட்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஏழரை மணிக்கு, வெயில் இன்னும் இருக்கும்போதே, சில்கேயின் தெருவுக்குள் திரும்பினார்கள். வெண்டலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"நாலு மணி நேரம்தானா, கெர்ஹில்ட்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "வெறும் நாலு மணி நேரம்தானா?"

கெர்ஹில்ட் எஞ்சினை நிறுத்தவில்லை. அந்த டீசல் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிடும். வாசல் மணி அடிக்கும் வேலை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. சில்கே வழக்கம்போல ஓட்டுநர் பக்கம் வந்தாள், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் பக்கத்து ஸீட்டைப் பார்த்தாள்.

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.