ஒன்பது பேருக்கு எழுநூற்றைம்பது கிலோ

"இன்னொரு தடவை ஏத்துங்க, சார்."

"மூணு தடவை ஏத்தி இறக்கியாச்சு. நாலாவது தடவை ஏத்தினா மட்டும் குறைஞ்சிடுமா?"

"சக்கரத்துல சேறு ஒட்டியிருக்கு. அது ரெண்டு கிலோ வரும்."

"அஞ்சுன்னே வச்சுக்குவோம். மீதி முப்பதுக்கு என்ன சொல்றீங்க?"

எடைமேடையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் கண் கொட்டாமல் தச்சரையே பார்த்தன: 785. எழுநூற்றைம்பதுக்கு மேல் ஒரு கிலோ இருந்தாலும் வாகனப் பரிசோதகர் முத்திரை குத்தமாட்டார். முத்திரை இல்லாமல் அவருடைய பழைய வேன் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு சாலையில் இறங்க முடியாது. மணி பன்னிரண்டு பத்து. சனிக்கிழமை ஒரு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பது திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், மலைக்கு நடுவே அணை கட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

மேடையின் மேல் வண்டி, ஒரு பாவமும் அறியாத பிள்ளைபோல நின்றது. தச்சர் தன் கையால் கட்டிய சக்கர வீடு. அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள், அவருடைய அப்பா, மனைவியின் தம்பி என்று ஒன்பது பேர் அதற்குள் படுத்து எழ வேண்டும். அணையில் வேலை செய்பவர்களுக்குத் தங்க நீளக் கொட்டகைகள் உண்டு. ஆனால் ஆண்களுக்கு மட்டும். குடும்பத்தோடு வருகிறவன் வீட்டையும் தானே இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அப்படி வருகிறவர்களுக்கு இருபது இடம் ஒதுக்கியிருந்தார்கள். முந்தியவனுக்கு இடம், பிந்தியவனுக்குக் கொட்டகை.

ஒருமுறை அவர் கொட்டகையில் இருந்து பார்த்தாகிவிட்டது. இரண்டு வருடம். திரும்பி வந்த அன்று கடைக்குட்டி அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்போம்மா போவாரு?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். இனி போனால் ஒன்பது பேரும் போவது, இல்லையென்றால் ஒருவரும் போவதில்லை என்று அன்று இரவு மனைவியும் அவரும் பேசி முடித்தார்கள்.

ஆனால் இந்த வேலையை விட்டால் ஊரில் வேறு வேலை இல்லை. அந்த இரண்டு வருடம் தவிர, பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பதினெட்டு வருடம் இருந்தார். மூடப்போவதாக ஒரு வருடமாகவே பேச்சு இருந்தது; போன மாதம் பூட்டே போட்டுவிட்டார்கள். ஆகவே, வண்டி நின்றால் அவர் தனியாகப் போவார். அவ்வளவுதான் கணக்கு.

"கனம் கூடக் கூடாதுன்னு பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூடப் பாதியா வெட்டினாரு, சார்," என்றான் மைத்துனன், பரிசோதகரிடம். "என்னையும் பாதியா வெட்டுறதா இருந்தாரு. எங்கக்கா விடல."

பரிசோதகருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மீசைக்கு மேல் ஏறவில்லை. "கழட்ட முடிஞ்சதைக் கழட்டிட்டு வாங்க. பன்னெண்டே முக்காலுக்கு மேல மேடையில ஏத்த மாட்டேன்."

வண்டியைப் பக்கத்து ஷெட்டின் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தச்சரின் அப்பாவான பெரியவரும் சின்னப் பிள்ளைகள் நால்வரும் வேனுக்குள் இருந்தார்கள். மூத்த மகள் மட்டும் நீலநிற நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வண்டியில் சேர்ந்த ஒவ்வொரு பலகையின் எடையும் அந்த நோட்டில் இருந்தது. கூட்டினால் எழுநூற்று இருபத்தொன்று. போன வாரம்தான் அவள் அந்த எண்ணுக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டாள்.

"அறுபத்தி நாலு கிலோ எங்கேர்ந்துப்பா வந்துச்சு?" என்றாள். "நாலு தடவை கூட்டிப் பாத்துட்டேன்."

"அறுபத்தி நாலு கிலோன்னா ஒரு முழு ஆளு," என்றான் மைத்துனன். "கட்டிலுக்கு அடியில எவனாவது படுத்திருக்கானா பாரு."

தச்சர் அவன் பக்கம் திரும்பினார். "கூரைக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடிச்ச?"

"நீங்க சொன்னபடி ரெண்டு தடவை, அத்தான்."

"உண்மையைச் சொல்லு."

"சரி, மூணு. ஒரு மூலையில ஒழுகிச்சு. அதுக்காக அறுபது கிலோ பெயிண்ட்டையா குடிச்சிருக்கும் உங்க கூரை?"

"உன்கிட்ட ஒரு வேலையைக் கொடுத்தா..."

"ஆமா, எது கெட்டாலும் என் தலையிலதான் வந்து விடியும்."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு ஸ்க்ரூவைக் கழட்டுறீங்களா?" மனைவி திருப்புளியை நீட்டினாள். "சண்டை போட்டா எடை குறையும்னா நம்ம வீட்டுல எல்லாரும் பஞ்சா பறந்திருப்போம்."

தச்சர் திருப்புளியை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினார். எட்டு மாத உழைப்பு அது. தேக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. விரல் கனச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் காகிதம்போன்ற ப்ளைவுட்டை ஒட்டி, நடுவில் தெர்மாகோல் அடைத்து, பசை இறுகும்வரை மணல் மூட்டைகளை மேலே அடுக்கிச் செய்த சுவர்கள். தட்டினால் தப்பட்டைபோல ஒலிக்கும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. கதவுக்குப் பதில் திரை. இரும்புக் கீலுக்குப் பதில் பழைய பேருந்து இருக்கையிலிருந்து வெட்டியெடுத்த தோல். படுக்கைப் பலகை ஒவ்வொன்றிலும் சல்லடைபோலத் துளைகள். ஒரு துளைக்கு எத்தனை கிராம் என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

எடைதான் பெரும்பாடாக இருந்தது. அடிச்சட்டமான சேசிஸையும் சக்கரங்களையும் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தாகிவிட்டது. மற்றதெல்லாம் வீட்டிலேயே. வீட்டில் இருந்தது ஆட்கள் ஏறி நின்று எடை பார்க்கும் சின்ன மெஷின். பலகை அதன்மேல் நிற்காது. அதனால் பலகைகளைக் கட்டாகக் கட்டி ஒருவர் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவது, வருகிற எண்ணிலிருந்து ஆளின் எடையைக் கழிப்பது என்று வழி கண்டுபிடித்தார்கள். மைத்துனனை நம்ப முடியாது. சாப்பிடுவதற்கு முன் ஓர் எடை, சாப்பிட்ட பின் ஓர் எடை. பிள்ளைகள் மாதாமாதம் வளர்கிறவர்கள். தச்சருக்குப் பகலெல்லாம் பட்டறை. "நான் ஏறுறேன், கல்யாணமான நாள்லேர்ந்து அம்பத்தெட்டு, படிக்கல்லு மாதிரி," என்று மனைவிதான் முன்வந்தாள். அவள் ஏறுவாள், மகள் எண்ணைப் பார்ப்பாள், ஐம்பத்தெட்டைக் கழிப்பாள், பலகையின் முதுகில் சாக்பீஸால் எழுதுவாள், பிறகு நோட்டில் ஏற்றுவாள். முப்பத்திரண்டு கட்டுகள். ஒன்றில்கூடத் தவறவில்லை.

"என்னென்ன கழட்டலாம்?" என்றார் தச்சர். "மேசை?"

"பத்து கிலோ," என்றாள் மகள், நோட்டைப் பார்த்து.

"மாத்துச் சக்கரத்தை வேன்ல போட்டுக்கலாம்."

"பதிமூணு."

இன்னும் பன்னிரண்டு வேண்டும். தச்சர் சுற்றிலும் பார்த்தார். மேல் படுக்கை. கடைசி மாதம் செய்தது. கடைக்குட்டியும் அதன் அக்காவும் படுக்க வேண்டியது. "அது?"

"அதுவும் பத்து."

"ரெண்டு கிலோ இடிக்குதே," என்றான் மைத்துனன். "என் செருப்பையும் கழட்டி வைக்கட்டுமா?"

மேல் படுக்கையின் ஸ்க்ரூ ஒன்று இறுகிப்போய் வர மறுத்தது. தச்சரின் விரல் வழுக்கி, மணிக்கட்டில் தோல் உரிந்தது. மனைவி கீழே நின்று பலகையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பலகை விடுபட்டுக் கையில் இறங்கியபோது அவள் ஒரு அடி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கால் தடுக்கிடுச்சு. நேரத்தைப் பாருங்க."

பன்னிரண்டு முப்பத்தைந்து. அந்த இரண்டு கிலோவுக்காக அவர் திரையின் கம்பியைப் பார்த்தார், ஜன்னல் சட்டத்தைப் பார்த்தார், கடைசியில் வாசலில் மடக்கும் படிப்பலகையையும் பிடுங்கினார். அது நாலு கிலோ. ஆக முப்பத்தேழு. மூச்சு வாங்கிற்று.

ஷெட் ஓரத்தில் மூட்டைகளை நிறுக்கும் சின்ன மேடைத் தராசு ஒன்று இருந்தது. "பெரிய மேடையில ஏத்துறதுக்கு முன்னால கழட்டினதை இதுல போட்டுப் பாருங்க. தேறலைன்னா எனக்கும் வீண் வேலை," என்றார் பரிசோதகர்.

மைத்துனன் சக்கரத்தைப் போட்டான். பதின்மூன்று. மேசையைப் போட்டான். பன்னிரண்டு காட்டியது.

"பத்துல்ல?" என்றாள் மகள்.

"நல்லதுதானே, ரெண்டு கூடுதலா இறங்குச்சு," என்று மேல் படுக்கையைத் தூக்கி வைத்தான் மைத்துனன்.

பதினைந்து.

"அடி சக்கை! அத்தான், நாப்பது ஆயிடுச்சு! படியைத் திரும்ப மாட்டிக்கலாம், பெரியவரு ஏறி இறங்க வேணாமா?"

தச்சர் படியை மாட்டத் திருப்புளியை எடுத்தார். ஆனால் மகள் நகரவில்லை. படிப்பலகையை எடுத்து அவளே தராசில் வைத்தாள். நான்கு. அவள் எழுதிய அதே நான்கு. அவள் நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டினாள்.

"என்னடி தேடுற? அதான் தேறிடுச்சே," என்றாள் அம்மா. அவசரமாகச் சொன்னாள். "உள்ள போய்த் தம்பிக்குத் தண்ணி குடு, போ."

"படி முதல் மாசம் நிறுத்தது. சரியா இருக்கு," என்றாள் மகள், அப்பாவிடம். "மேசை நாலாவது மாசம். ரெண்டு கிலோ குறைச்சு எழுதியிருக்கேன். படுக்கை போன மாசம். அஞ்சு கிலோ குறைச்சு எழுதியிருக்கேன். மெஷின் கெட்டிருந்தா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி காட்டணும்ல? நான் ஒவ்வொரு தடவையும் அம்பத்தெட்டைத்தான்ப்பா கழிச்சேன்."

அறுபத்து நாலு கிலோ எங்கிருந்து வந்தது என்பது தச்சருக்குப் புரிந்தது. பலகை எதுவும் கனக்கவில்லை. பலகையைத் தூக்கிய ஆள்தான் மாதத்துக்கு மாதம் கரைந்திருக்கிறாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். எட்டு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, கிராம் கிராமாக மரத்தைப் பார்த்த கண்ணால் இப்போதுதான் அவளைப் பார்த்தார். ரவிக்கைக் கையில் புதிதாகப் பிடித்த தையல். முழங்கை வரை ஏறி இறங்கும் வளையல். கழுத்தடியில் தண்ணீர் தேங்கும் அளவுக்குக் குழி.

"ஏத்தலாமா?" என்று கூப்பிட்டார் பரிசோதகர்.

படியை மாட்டிவிட்டு ஏற்றினார்கள். சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன: 745. மைத்துனன் விசிலடித்தான். வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் கத்தியது ஷெட் முழுக்க எதிரொலித்தது. பரிசோதகர் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

தச்சர் மேடைக்கு அந்தப் பக்கம் மனைவியை அழைத்துக்கொண்டு போனார்.

"எப்போலேர்ந்து?"

"என்ன எப்போலேர்ந்து?"

"என்கிட்ட நடிக்காத."

அவள் பிள்ளைகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மழை முடிஞ்சதுலேர்ந்து. சாப்பாடு சரியா இறங்க மாட்டேங்குது. சாயங்காலமானா ஒரு காய்ச்சல் வந்துட்டுப் போகுது. வேலை ஜாஸ்தி, அதான்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா என்ன சொல்லுவாங்க? அந்த டெஸ்ட் எடு, இந்த டெஸ்ட் எடு, பத்து நாள் கழிச்சு வான்னு சொல்லுவாங்க. பத்து நாள் நமக்கு எங்கே இருக்கு?"

அணைக்குப் பக்கத்தில் மருத்துவமனை இல்லை. காயத்துக்குக் கட்டுப் போட ஓர் அறை உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மலையிறங்கி ஒருநாள் பயணம். இது அவளுக்கும் தெரியும். இடம் எப்படி என்று விசாரித்து வந்து அவர்தான் அவளிடம் சொன்னார்.

"நாம இன்னிக்குக் கிளம்பல," என்றார் தச்சர்.

"அப்புறம்? திங்கட்கிழமை நீங்க மட்டும் போவீங்க. கொட்டகையில படுப்பீங்க. நான் இங்க ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருப்பேன். சின்னது மறுபடியும் உங்களை மாமான்னு கூப்பிடும். அதுக்கா நான் முப்பத்திரெண்டு கட்டையும் தூக்கிட்டு ஏறி நின்னேன்?"

"நானும் போகல."

"போகாம? ஒன்பது வயித்துக்கு எதைப் போடுவீங்க, மரத்தூளையா?"

மணி ஒன்றாக நான்கு நிமிடம் இருந்தது. பரிசோதகர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றிக்கொண்டு, மறுகையால் பேனாவை நீட்டினார். "வண்டிக்காரர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் குத்த முடியும். வாங்க, நான் பூட்டணும்."

மகள் நோட்டை மூடிக்கொண்டு இருவரையும் பார்த்து நின்றாள். மைத்துனன் ஏதோ கேட்க வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

மனைவி தச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் உரிந்த இடத்தில் அவள் விரல் சுட்டது.

"ஏங்க," என்றாள். "கல்யாணமானதுலேர்ந்து உங்ககிட்ட வாய்விட்டு ஒண்ணும் கேட்டதில்ல. போய் அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க."