இரண்டு செட்டுக்கு நடுவில் தூங்கியவர்

பார்சல் அக்கா ஜிம்மில் அறுபது கிலோவைத் தோளில் சுமந்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து, கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் அமர்ந்த அதே நொடியில், இரண்டு தெரு தள்ளி அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய கணவர் தூங்கிப்போனார். மூன்று நிமிடம் தூங்கினார். அக்கா அடுத்த செட்டுக்கு எழுந்ததும் அவரும் விழித்து, விட்ட வரியிலிருந்தே பிழை திருத்தத் தொடங்கினார். அதற்கு முன் அவர் தூங்கி நான்கு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

இத்தனை நாள் தூங்காத மனிதர் எப்படி உயிரோடிருக்கிறார் என்று மூன்று டாக்டர்கள் அக்காவிடமே கேட்டார்கள், ஏதோ அவள்தான் படித்துவிட்டு வந்தவள் போல. மாத்திரைகளெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டிருந்தால் பூனையாவது தூங்கியிருக்கும். புரூஃப்காரர் ரோட்டைக் கடக்கும்போது பாதியில் நின்று, வீடு எந்தப் பக்கம் என்று யோசிப்பார். ஒருமுறை பஸ் அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றது. இன்னும் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம் என்று மூன்றாவது டாக்டர் அக்காவிடம் தனியாகச் சொன்னார். அந்த மனிதர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவள் ஜிம்முக்குப் போனது இதற்காக இல்லை. பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதால் போனாள். கோச் கண்டிப்பான பேர்வழி. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், சுவரில் வெள்ளைப் பலகை. யார் எத்தனை மணிக்கு எத்தனை கிலோ தூக்கினார்கள், எத்தனை நிமிடம் ஓய்வெடுத்தார்கள் என்று எழுதிவைப்பார். "கனமா தூக்கினா முழுசா ரெஸ்ட் எடுக்கணும். போன் கூடாது, அரட்டை கூடாது, சும்மா உக்காரணும். ரெஸ்டுல அவசரப்பட்டா அடுத்த செட் ஊத்திக்கும்" என்பார். அறுபது கிலோ தூக்கிய அன்று அச்சக முதலாளி போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் ஆறு பத்துக்கும் ஆறு பதினான்குக்கும் மும்மூன்று நிமிடம் கண்ணயர்ந்தார், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். அக்கா பலகையைப் பார்த்தாள். நேரம் அச்சு அசலாகப் பொருந்தியது. கோச் ஆச்சரியப்படவில்லை. சரியாக எடுத்த ரெஸ்ட் எங்கேயாவது போய் வேலை செய்யத்தான் செய்யும் என்றார்.

அதன்பின் அக்கா ஒவ்வொரு செட்டுக்கும் முன் போன் செய்தாள். "ஏங்க, தூக்கப் போறேன். நின்னுட்டு இருக்காதீங்க, உக்காருங்க." வெறும் கம்பியைத் தூக்கிவிட்டு அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், அவருக்குக் கொட்டாவிதான் வந்தது. இதில் டபாய்க்க முடியாது என்று தெரிந்தது. எண்பது கிலோவுக்கு நான்கு நிமிடம், நூறுக்கும் அதற்கு மேலும் ஐந்து. மூன்று வருடத்தில் நூற்றிருபதை எட்டினாள். காலையில் ஐந்து செட், மாலையில் ஐந்து. அவர் ஒரு நாளைக்கு ஐம்பது நிமிடம் தூங்கினார், முகத்தில் தெளிவு வந்தது, ரோட்டை ஒரே மூச்சில் கடந்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தால் ஜிம்மில் பாட்டை நிறுத்துவார்கள்; மலைபோன்ற ஆட்கள் டம்பெல்லைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் கீழே வைப்பார்கள்.

நான்காம் வருடம் அவள் தூக்கும் எடை இறங்கத் தொடங்கியது. நூற்றிருபது நூறாயிற்று, நூறு எழுபதாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை அறுபது கிலோவோடு உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கம்பி பக்கவாட்டுத் தாங்கிகளில் விழுந்தது. அச்சகத்திலிருந்து புரூஃப்காரரே போன் செய்தார். "என்னம்மா, தூக்கமே வரல? எதாவது ஆச்சா?" போனை எடுத்தது கோச்.

"சார், நீங்க தூங்கினதெல்லாம் இவங்களோட ரெஸ்ட். அத்தனையும் உங்களுக்கு வந்துடுச்சு. இவங்களுக்கு மூணு வருஷமா ஒரு நிமிஷம் மிச்சமில்ல" என்றார்.



மறுநாள் மாலை புரூஃப்காரர் ஆபீஸ் சட்டை, தோல் செருப்போடு ஜிம்முக்கு வந்தார். சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பேனா. பேனாவைவிடக் கனமான எதையும் அவர் தொழில் நிமித்தம் தூக்கியதில்லை. "உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று அக்கா அதட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை. கோச் செருப்பைக் கழற்றச் சொல்லி, இருபது கிலோ வெறும் கம்பியை அவர் தோளில் வைத்தார். கால்கள் வெடவெடத்தன. ஐந்தாவது முறை எழும்போது முகம் பேனா மைபோல் சிவந்துவிட்டது. ஜிம்மே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கம்பியை வைத்துவிட்டுப் பெஞ்சில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தார்.

அவரைத் திட்ட வாயெடுத்த பார்சல் அக்கா, அடுத்த பெஞ்சில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, நல்ல சத்தமாகக் குறட்டை விட்டாள்.

கோச் பலகையில் அவருக்கும் ஒரு வரிசை போட்டு, நேரத்தைக் குறித்தார். இரண்டு நிமிடம் ஆனதும் ஸ்டாப்வாட்ச்சைக் காட்டினார். புரூஃப்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தபடியே எழுந்தார். அக்காவின் இமைகள் அசைந்தன.

"இன்னும் பத்து கிலோ போடுங்க, சார்" என்றார்.

கோச் போட்டார்.