கரியமில வாயு இல்லாமல் வந்த மெத்தனால்

சிமெண்ட் சூளைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கூடத்தில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒருத்தி ரசாயனம் படித்தவள். சூளைப் புகையின் கரியமில வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனாலாக மாற்றும் வினையூக்கியை, செம்பும் துத்தநாகமும் கலந்து, மிளகளவு கறுப்பு மணிகளாகச் செய்தவள். இன்னொருத்தி அவளுடைய நாத்தனார், குழாய் பொருத்தும் ஃபிட்டர். அவள் இறுக்கிய மூட்டில் காற்றுகூடக் கசியாது.

புது மணிகளைப் போட்டு ஓட்டிய முதல் நாளே, உள்ளே போன வாயுவில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு மெத்தனாலானது. பழைய மணிகள் பத்தைத் தாண்டியதில்லை. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கே நிர்வாகக் குழுவை வரச் சொல்லிவிட்டார்.

ரசாயனம் படித்தவளுக்கு மட்டும் உறுத்தியது. காலையில் முதல் வேலையாகக் கரியமில வாயுவை மூடிவிட்டு, அதற்குப் பதில் நைட்ரஜனை விட்டாள். சரக்கே உள்ளே போகாதபோது மெத்தனால் எங்கிருந்து வரும்? ஆனால் வந்தது. மெத்தனாலை அளக்கும் கருவியின் திரையில் கோடு மளமளவென்று ஏறியது.

"அண்ணி, மெஷின் பொய் சொல்லுதா?"

"அது நிஜத்தைத்தான் சொல்லுது. நாமதான் எதையோ உள்ள விட்டிருக்கோம்."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "குளிர்விக்கிற சுருள்ல பிசுக்கு இருந்துச்சு. மெத்தனால் ஊத்திக் கழுவினேன். காத்தடிச்சுக் காயவும் வச்சேனே... அடி வளைவுல தங்கிடுச்சு போல. நான்தான் கெடுத்துட்டேனா?"

"கழுவச் சொன்னது நான். எதால கழுவினேன்னு கேக்காம கணக்குப் போட்டதும் நான்தான். நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறே?"

மேலாளர் கையைப் பிசைந்தார். "குழு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்ப மூச்சு விடாதீங்க."

"சார், நேத்து இருபத்திரண்டுன்னு சொன்ன வாய் என்னோடது. நானே சொல்லிக்கறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

பதினோரு மணிக்குக் குழு வந்ததும் அப்படியே சொன்னாள். குழுவில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க மணி வேலையே செய்யலையா?"

"செய்யுதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியணும். பத்து நாள் குடுங்க."

நாத்தனார் புதுச் சுருள் மாட்டினாள். சூடான நைட்ரஜனை இரண்டு நாள் ஓடவிட்டாள். மறுபடி கரியமில வாயு இல்லாமல் வெறும் ஓட்டம்: கோடு அசையாமல் தட்டையாகக் கிடந்தது. அடுத்து, கார்பன் சற்றே எடை கூடிய கரியமில வாயுவைத் தனி சிலிண்டரில் வரவழைத்தார்கள். அதிலிருந்து பிறக்கும் மெத்தனாலும் எடை கூடித்தான் இருக்கும். வேறெங்கிருந்து வந்தாலும் எடை கூடாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

வந்தது அத்தனையும் எடை கூடியது. நூற்றுக்குப் பதினாறு.

"ஆறு குறைஞ்சுபோச்சே அண்ணி."

"இந்தப் பதினாறை யாராலயும் அசைக்க முடியாது. உக்காந்து டீயக் குடி."

ஒரு மாதம் ஓட்டியும் பதினாறு இறங்கவில்லை. முதல் பீப்பாய் பிளைவுட் பசை செய்யும் ஆலைக்குப் போனது. மூக்குக் கண்ணாடிக்காரரே பத்து மடங்கு பெரிய மெத்தனால் உலைக்குக் கையெழுத்துப் போட்டு, வரைபடத்தையும் அனுப்பினார். நாத்தனார் அதை மேஜையில் விரித்து, பென்சிலால் மூட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

"இருநூத்திப் பத்து," என்றாள். "என்னைக்கு ஆரம்பிக்கலாம்?"