இருபத்தெட்டுப் பல்

திம்மராயன் வீட்டுச் சைக்கிளுக்கு எத்தனை பல் வைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது 2005 ஆடி மாதம். அது எங்கேயும் போகாத சைக்கிள். ராயக்கோட்டை ரோட்டில் என் சைக்கிள் கடைக்குப் பின்னால்தான் அவன் வீடு. இரும்பு ஸ்டாண்டு அடித்து, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன். மிதிக்கக் கொஞ்சம் கனம் வேண்டுமே என்று பிரேக் கட்டையை ரிம்மில் லேசாக உரச விட்டிருந்தேன். தை மாதம் ஷிப்ட் முடிந்து வந்தவனை சிப்காட் முக்கில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. இடது முட்டி நொறுங்கியது. எலும்பு ஒட்டியது, கால் வரவில்லை. இடுப்பிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா கணக்காகச் சொல்லியிருந்தார். வலது காலை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு இடது காலால் மட்டும் மிதிக்க வேண்டும். முதலில் லேசு, மாதாமாதம் கனம் ஏற்ற வேண்டும். பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் பல் அதிகமிருந்தால் மிதி லேசு, குறைந்தால் கனம். ஆடியில் இருபத்திரண்டு, ஆவணியில் இருபது, புரட்டாசியில் பதினெட்டு என்று நான் முடிவு செய்தேன். ஊரில் ஓடுகிற சாதா சைக்கிளுக்கெல்லாம் பதினெட்டுதான். அதை அந்தக் கால் மிதித்துவிட்டால் கம்பெனி மாடிப்படியையும் ஏறிவிடும். ஐப்பசி முதல் திங்கள்கிழமை கம்பெனி டாக்டர் முன்னால் ஏறிக் காட்டவேண்டும். ஏறினால் வேலை. இல்லையென்றால் பதினாலு வருஷ சர்வீஸுக்கு ஒரு மாலை, அவ்வளவுதான்.

ஆடி முழுக்க மிதித்தான். கால் மணி நேரத்துக்கு அறுபது சுற்று. ஒந்து, எரடு, மூறு என்று கன்னடத்தில்தான் எண்ணுவான். அவன் வீட்டுப் பேச்சு அது. மாதம் முடிந்தபோதும் அறுபதுதான். ஒன்றிரண்டு குறைந்ததே தவிர ஏறவில்லை. முகத்தைப் பார்க்க முடியாது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிடுவானாம்.

அப்போதுதான் அவன் பெண்டாட்டி மாதேஸ்வரி கடைக்கு வந்தாள். கெலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போகிறவள். விரலெல்லாம் முள் கீறல்.

"அண்ணா, இருபது வேணாண்ணா. அதவிட லேசா ஏதாவது மாட்டிவுடுங்க. அவருகிட்ட இருபதுன்னே சொல்லிக்கலாம்."

"அடப்பாவமே, அது பொய்யில்லையாம்மா?"

"பொய்யாவே இருக்கட்டும். நம்பர் ஏறுனா மனசு ஏறும்ண்ணா. மனசு ஏறுனா காலும் வரும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து இருபத்துநாலு மாட்டினேன். தெரியாமல் இருக்கச் செயின் கவரைப் போட்டு மூடினேன். அன்றைக்கு நூற்றைத் தொட்டான். புரட்டாசியில், பதினெட்டு என்று சொல்லி, ஒரு பழைய கியர் சைக்கிளிலிருந்து எடுத்த இருபத்தெட்டை வைத்தேன். நூற்று எழுபது, நூற்று எண்பது என்று போனது. மாதேஸ்வரி வேலைவிட்டு வந்ததும் வாசலிலிருந்தே, "இன்னிக்கு எத்தினி?" என்று கத்துவாள். அவன் நம்பரைச் சொல்லுவான். அவள் சிரிக்கிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும்.

டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மூன்று மணிவாக்கில் திம்மராயன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். போனேன். சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தான். இடது பாதம் மிதியோடு துணியால் கட்டியிருந்தது.

"வெங்கடப்பா, நெஜப் பதினெட்டு வெச்சிருக்கியா கடையில?"

நான் குனிந்து செயின் கவரைப் பார்த்தேன்.

"சக்கரத்துல டியூப் வால்வு இருக்குதில்ல, அதையே பாத்துக்கினு இருந்தேன். பதினெட்டுன்னா மிதி ஒரு சுத்துக்குச் சக்கரம் ரெண்டரை கிட்ட சுத்தணும். ஒன்றரைதான் சுத்துது. பதினாலு வருசம் கியருக்குப் பல்லு வெட்டுனவன்டா நானு."

பல் வெட்டுகிறவனிடமே பல்லை மாற்றி வைத்து ஏமாற்றப் போனோம் பாருங்கள். கவர் போட்டு மூடினேனாம்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அன்னிக்கு நூறுன்னு சொன்னதும் அவ ரெண்டு வாட்டி சோறு போட்டுக்கினு துன்னா. ஆறு மாசமா அவ அப்படித் துன்னு நான் பாக்கல."

கடைக்குப் போய்ப் பதினெட்டை எடுத்துவந்தேன். அவன் இறங்கவில்லை. அவன் உட்கார்ந்திருக்கும்போதே குனிந்து சக்கரத்தைக் கழற்றி, இருபத்தெட்டை எடுத்துத் தரையில் பேப்பர்மேல் வைத்துவிட்டு, பதினெட்டை மாட்டினேன். செயினில் இரண்டு கண்ணியை எடுத்து இழுத்துக் கட்டினேன். நடக்கட்டும் சாமி, ஒரே ஒரு சுற்று நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைக்குக்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

மிதியை மேலே கொண்டுவந்து வைத்தேன். அவன் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. தோள் அழுத்தியது, இடுப்பு அழுத்தியது. கால் அழுத்தவில்லை. மிதி இரண்டு விரல் அளவு இறங்கி நின்றது. திரும்ப மேலே வைத்தேன். திரும்பவும் அதே இரண்டு விரல். மூன்றாவது தடவை நான் குனியவே இல்லை.

"நேத்து ஆஸ்பத்திரி அம்மாகிட்ட கேட்டேன்," என்றான். "நரம்பு வராதாம். அவளுக்குச் சொல்லிடாத. திங்கக்கெழம வரைக்குமாவது..."

வாசலில் செருப்புச் சத்தம். சனிக்கிழமை சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

"இன்னிக்கு எத்தினி?"

"எரநூத்திப் பத்து," என்றான் திம்மராயன், எடுத்த எடுப்பில்.

அவள் உள்ளே வந்துவிட்டாள். பேப்பர்மேல் இருபத்தெட்டு கிடந்தது. தட்டு மாதிரி பெரிசாகக் கிடந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அதைப் பார்த்தாள். என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தாள். தூக்குச்சட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து அவன் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைக் கட்டியிருந்த துணி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"நேத்து நூத்தி எம்பத்தஞ்சுதான," என்றாள் குனிந்தபடியே. "பரவால்லயே."

அவன் ஆமாம் என்றான். துணி அவிழ்ந்ததும் கால் மிதியிலிருந்து வழுக்கி அவள் மடியில் விழுந்தது. மிதி மேலேயே நின்றிருந்தது.