எட்டுப் பேருக்கு ஒரு வண்டி

கணவர் இறந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாள் முதல், எங்கே கிளம்பினாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்." வீடு எங்கேயும் ஓடிப் போகாது என்று சொல்லிச் சொல்லி அண்ணிக்கும் அலுத்துவிட்டது. கடலுக்குப் போகலாம் என்று அண்ணன் பேச்செடுத்த அன்று மட்டும், என்ன தோன்றியதோ, "நானும் வரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வெகுகாலம் பஸ் ஓட்டியவர், இப்போது சொந்தமாகவே பஸ் விடுகிறவர். அந்த வாரமே மனைவி, ஐந்து பெண்கள், தங்கை என்று எல்லாரையும் திரட்டிக்கொண்டு வேன் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஷோரூமில் நின்ற வேன் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கியது. பொத்தானைத் தொட்டதும் கதவு தானாக நகர்ந்து வழிவிட்டது. நடுவில் கை வைத்த நாற்காலிகள் இரண்டு. அண்ணி ஒன்றில் சாய்ந்ததும் அது அவள் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது.

"ஏங்க, ஒரு நாளாவது நீங்க இப்படிப் பிடிச்சு விட்டிருக்கீங்களா?"

"அதான் மெஷினே வாங்கித் தரேனே!"

பெண்கள் ஈ மொய்ப்பதுபோல் ஏறினார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்றார்.

அவள் கதவருகிலேயே நின்றாள். உள்ளே இடமில்லை.

"ஏழு சீட்டுன்னீங்களே தம்பி?"

"உங்களையும் சேர்த்து ஏழு சார்," என்றான் விற்பனைப் பையன்.

"என்னை எதுக்குப்பா சேக்கறீங்க? டிரைவரை யாராவது சீட்டுக் கணக்குல சேப்பாங்களா?"

பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கடைக்குட்டி, "அத்தை, என் மடியில உக்காரு" என்றாள்.

"அப்புறம் உன்னை எங்கடி தேடறது?" என்று அவளும் சிரித்தாள். வீட்டிலிருக்கும் பழைய காரில் நெருக்கியடித்து உட்காரலாம். இங்கே ஆளுக்கொரு நாற்காலி, நகர வழியில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அண்ணி இறங்கிவிட்டாள். "நீளமா பெஞ்ச் சீட்டு இருக்கற வண்டி இல்லையா தம்பி?"

"எட்டுப் பேர் உக்கார்ற மாடல் இருக்கு மேடம். ஆனா மசாஜ் வராது. பின்னாடி பெட்டி வைக்கவும் இடம் கம்மி."

"பெட்டி கூரை மேல வரட்டும். மசாஜுக்கு இவர் இருக்கார்."

அந்த வண்டி ஷோரூமின் பின்புறம் தூசி படிந்து நின்றது. ஓட்டிப் பார்க்க ஏறினார்கள். ஜன்னலோரத்துக்கு அடிதடி, கடைசியில் ஜெயித்தது அவள்தான். எட்டுப் பேரும் உட்கார்ந்த பிறகு பையன் தலையைச் சொறிந்தான்.

"சார்... நானும் கூட வரணும். கம்பெனி ரூல்."

யாராவது ஒருவர் இறங்க வேண்டும். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

அவள் பெல்ட்டை இழுத்து 'டக்'கென்று மாட்டினாள்.

"அண்ணா, நீ இறங்கு. தம்பி ஓட்டட்டும்."

"நானா?"

"பின்ன? நான் இறங்க மாட்டேன்."

பெண்கள் போட்ட கூச்சலில் வாசல் காவலாளி எழுந்தே நின்றுவிட்டார். அண்ணன் வாயெல்லாம் பல்லாக இறங்கி, "போயிட்டு வாங்க! ரைட், ரைட்!" என்று வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.