அறுபத்திரண்டாவது நிமிடத்துப் பெனால்டி

கால்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடம் என்பதெல்லாம் மற்ற ஊர்க்காரர்களுக்கு. கஃபர் ஸனூனில் இறுதி ஆட்டம் தொடங்கி நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. கடிகாரத்தில் அறுபத்திரண்டு நிமிடம்தான் ஓடியிருந்தது.

இதற்கு முழுப் பொறுப்பு நடுவர் தர்வத். அலெப்போவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவன். மூன்றாம் ஆண்டில் சண்டை வந்தது, பட்டம் வரவில்லை. ஊர் திரும்பிப் பார்த்தபோது, நாட்டில் இன்னும் அமலில் இருக்கும் சட்டம் என்று அவன் கண்ணில் பட்டது கால்பந்து விதிப்புத்தகம் ஒன்றுதான். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வக்கீலையும் வாத்தியாரையும் கூப்பிடுவது போல ஊர் அவனை "உஸ்தாத்" என்று கூப்பிட்டது. பாதி மரியாதை, பாதி நக்கல்.

விதிப்புத்தகத்தில் மழைக்கு வழி இருந்தது, மின்வெட்டுக்கு வழி இருந்தது, மைதானத்துக்குள் நாய் புகுந்தால்கூட என்ன செய்வது என்று இருந்தது. விமானத்துக்கு மட்டும் இல்லை. அதனால் தர்வத்தே ஒரு விதி எழுதிச் சேர்த்தான்: விமானம் வந்தால் ஆட்டம் நிற்கும், முடியாது. விட்ட நிமிடத்தில், விட்ட இடத்தில், விட்ட கோல் கணக்கோடு அடுத்த நாளோ அடுத்த வாரமோ தொடரும்.

ஆட்டம் கிழக்கே எண்ணெய் ஆலைத் தெருவுக்கும் மேற்கே ரொட்டிக்கடைத் தெருவுக்கும். பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு முறை நின்றது. மூன்றாம் நாள் தொடங்கி நாற்பத்தோராவது நிமிடத்தில் மறுபடி நின்றது. ஐந்தாம் நாள், இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் இருக்கும்போது, ஆலை அணியின் நவ்வார் பந்தோடு ரொட்டி அணியின் கோலை நோக்கிப் பாய்ந்தான். கோலி ரஸ்லான் முன்னால் வந்து விழுந்து பந்தைப் பிடிக்கப் பார்த்தான். நவ்வார் காற்றில் ஒரு வட்டம் அடித்துத் தரையில் உருண்டான். இருநூறு பேர் "பெனால்டி!" என்று கத்தினார்கள். தர்வத் ஊதினான். ஊதி முடிக்கும்முன் வாக்கி டாக்கியில் விமானம் பார்த்துச் சொல்லும் கண்காணிப்பாளர் அலறினார்: "நம்ம பக்கம் திரும்பிட்டான்! கலைஞ்சு போங்க!"

இரண்டு அணியும் ஆலையின் நிலவறைக்கு ஓடின. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது.

"உஸ்தாத், நான் பந்தத்தான் தொட்டேன்," என்றான் ரஸ்லான். ரொட்டிக்கடைக்காரர் அபூ ரஸ்லானின் மூத்த மகன். ஆறடி. குரல் மட்டும் எப்போதும் நாலடிதான் இருக்கும், அன்று வளர்ந்திருந்தது. "பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா பெனால்டி?"

"பாத்ததனாலதான் பெனால்டி."

மூலையில் நவ்வார் முழங்காலைக் கட்டிக்கொண்டு முனகினான். "கால் போச்சு. என் கால் போச்சு."

"எந்தக் கால்டா?" என்றான் ரஸ்லான். "ஓடி வரப்ப வேற கால இல்ல புடிச்சிருந்த?"

மேலே நிலம் ஒருமுறை எகிறி அமர்ந்தது. கூரையிலிருந்து மண் கொட்டியது. எல்லோரும் வாயை மூடினார்கள். தூசி அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

வெளியே வரும்போது ரஸ்லான் தர்வத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "பெனால்டிய நான் புடிச்சிருவேன், அது பிரச்சினை இல்ல. ஆனா நீங்க பாக்கல உஸ்தாத். பாத்தவன் மூஞ்சி இப்படி இருக்காது."

அவன் சொன்னது சரி. அந்த நொடியில் தர்வத் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ இரைச்சல் கேட்டது போலிருந்தது, தலை தானாக மேலே போய்விட்டது. திரும்பியபோது நவ்வார் தரையில் கிடந்தான், ஊரே கத்திக்கொண்டிருந்தது, விசில் தானாக வாய்க்கு வந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளலாம்தான். ஆனால் தர்வத்துக்கு மிச்சமிருந்தது பாதி வீடும் முக்கால் பட்டமும். முழுசாக இருந்தது அந்த விசில் ஒன்றுதான். ஒரு தடவை பார்க்கவில்லை என்று சொன்னால், மூன்று வருடத்தில் அவன் கொடுத்த அத்தனை தீர்ப்பும் எழுந்து வந்து வாசலில் வரிசை கட்டும்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ரொட்டி வரிசையில் குண்டு விழுந்தது.

பதினான்கு பேர் போனார்கள், ரஸ்லானும் சேர்த்து. அவன் வரிசையில்கூட நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அபூ ரஸ்லானுக்கு ஒரு காது மட்டும் மந்தமாகிப் போனது. அன்று மாலை வானொலியில் ஆயுதக் கிடங்கு ஒன்று தகர்க்கப்பட்டதாகச் சொன்னார்கள். கிடங்கில் இருந்தது மாவு. "மாவு உப்புற சாமானாச்சே, ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதான்," என்றார் ஆலை அணித் தலைவர் ஹிக்மத். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருவன் சிரித்தான். அதன்பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கூடினால் மேலே தெரியும் என்பதால் அபூ ரஸ்லான் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் பத்துப் பத்துப் பேராக, அரை மணி நேரத்துக்கு ஒரு கூட்டமாகப் போனார்கள். தர்வத்துக்கு மூன்றாவது கூட்டத்தில் இடம் கிடைத்தது. கசப்புக் காப்பி ஒரு மிடறு. ஓதல். பிறகு அபூ ரஸ்லான் தன் நல்ல காதை அவன் பக்கம் திருப்பினார்.

"உஸ்தாத். அந்தப் பெனால்டி."

தர்வத் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு ராத்திரி எம் புள்ள சாப்பிடல. கோவம். அவங்க அம்மா ரெண்டு முட்டை அவிச்சு வெச்சா, அதயும் தொடல. 'நான் தொட்டது பந்த, வாப்பா'ன்னு சொல்லிட்டே படுத்துட்டான். காலைல வெறும் வயித்தோட கடைக்கு வந்தான்." நல்ல காதை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். "நீதான் பாத்த. அவன் தப்பாட்டமா ஆடினான்?"

"விதி பன்னிரண்டு, மாமா," என்றான் தர்வத். மாட்டிக்கொண்டால் எண் சொல்வது அவன் வழக்கம். "கவனமில்லாம, எதிராளிக்கு ஆபத்து பாக்காம, இல்லன்னா மட்டுமீறி முரட்டுத்தனமா…"

"மூணுல எது?"

"கவனமில்லாம."

"ரஸ்லானா?" அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. சட்டம் படிச்சவன் நீ. உனக்குத் தெரியும்."

அடுத்த பத்துப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினான். ஐந்தாம் விதி தெளிவாக இருந்தது: ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவர் தன் தீர்ப்பை மாற்ற முடியாது. இன்னும் தொடங்கவில்லை. அதாவது, தொடங்கும் வரை மாற்றலாம். நாற்பது நாள் துக்கம் முடிந்துதான் ஆட்டம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. நாற்பது நாளும் அந்த விதி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது. அவன் ஒவ்வொரு நாளும் அதைப் படித்தான். ஒவ்வொரு நாளும் மூடி வைத்தான்.

நாற்பத்தாறாம் நாள் பிற்பகல் நான்கு மணிக்கு ஊர் மைதானத்தைச் சுற்றி நின்றது. நவ்வார் நொண்டிக்கொண்டே வந்து பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்தான். ரொட்டி அணியில் இன்னும் கோலி இல்லை.

"நான் நிக்கறேன்," என்று உள்ளே வந்தார் அபூ ரஸ்லான். நூற்றுப் பத்து கிலோ. இரண்டு கையிலும் அடுப்பில் தட்டு இழுக்கும் தடித்த கையுறை. ஹிக்மத் ஆட்சேபித்தார். தர்வத் புத்தகத்தைப் பார்த்தான். கோலிக்குக் கையுறை அனுமதி உண்டு. அது அடுப்புக் கையுறையா என்று விதி பிரித்துப் பார்க்கவில்லை. மாற்று ஆட்டக்காரர் உள்ளே வந்தால் அவருடைய இடத்தில் ஆடியவர் திரும்ப வரக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தர்வத் அதை உரக்கப் படிப்பான். அன்று படிக்கவில்லை.

"மாமா, கோட்டு மேல நில்லுங்க."

"கோடு எங்க இருக்கு?"

"உங்க வயித்துக்குக் கீழ."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். ஊர் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். நவ்வார் எட்டடி பின்னால் போனான். தர்வத் விசிலை வாயில் வைத்தான். ஊதினால் முடிந்தது. ஊதினால், தப்பாட்டம் ஆடிய கோலியாகவே ரஸ்லான் இருந்துவிடுவான்.

விசிலை எடுத்தான்.

"நான் பாக்கல," என்றான்.

"எத?" என்றார் ஹிக்மத்.

"இவன் விழுந்தத. வானத்தப் பாத்துட்டிருந்தேன். திரும்பினா கீழ கெடந்தான். நீங்க கத்தினீங்க, நான் ஊதிட்டேன்."



"நீ பாக்கலன்னா என்ன?" என்று ஹிக்மத் வெடித்தார். "எரநூறு பேரு பாத்தாங்கய்யா! பாத்தவங்க கை தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை.

"என்னய்யா ஊமையாயிட்டீங்க? தையக்காரரே, உங்க கத்துதான் பெருசா கேட்டுச்சு!"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "நான் மேல பாத்துட்டிருந்தேன். பக்கத்துல இவன் கத்தினான், நானும் கத்தினேன்."

"எனக்கும் ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு, மேலதான் பாத்தேன்," என்றான் பக்கத்தில் இருந்தவன். "மொதல்ல கத்தினது ஹிக்மத் அண்ணன்தான்."

எல்லோரும் ஹிக்மத்தைப் பார்த்தார்கள்.

"நான் விழுந்தவனப் பாத்து கத்தினேன்," என்றார் அவர், குரல் இறங்கி.

"எப்படி விழுந்தான்?" என்றான் தர்வத்.

"விழுந்ததுக்கப்புறம்தான்யா பாத்தேன்!"

மிச்சம் இருந்தது நவ்வார். அவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த காலணிக் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

"நவ்வார்," என்றான் தர்வத்.

"நானும் மேலதான் பாத்தேன்," என்றான் அவன் நிமிராமல். "பந்து காலுக்குள்ள மாட்டி விழுந்துட்டேன். அவன் என்னத் தொடவே இல்ல."

"அப்ப நாப்பது நாளா நொண்டுறியே!" என்றார் ஹிக்மத்.

"மொத வாரம் சும்மா நொண்டினேன். அப்புறம் பழகிப் போச்சு."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார். கோலுக்கு நடுவில் நின்ற அபூ ரஸ்லான் நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார்:

"அப்ப இத்தன பேர்ல பந்தப் பாத்துட்டிருந்தது எம் புள்ள ஒருத்தன்தான்."

"ஆமா மாமா," என்றான் தர்வத்.

ஹிக்மத் தொண்டையைச் செருமினார். "சரி. இப்ப எப்படி ஆரம்பிக்கறது? பந்து யாருக்கு?"

தர்வத்துக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. "விதி எட்டு. பெனால்டிப் பகுதிக்குள்ள நின்ன ஆட்டம்னா நடுவர் பந்தக் கோலிக்குப் போடணும். மத்தவங்க நாலு மீட்டர் தள்ளி நிக்கணும்."

எல்லோரும் நாலு மீட்டர் தள்ளி நின்றார்கள். அவசியமே இல்லாத பார்வையாளர்களும் தள்ளி நின்றார்கள். தர்வத் பந்தைக் கீழே விட்டான், ஊதினான், கடிகாரத்தை அழுத்தினான். அபூ ரஸ்லான் மெல்லக் குனிந்து, சூடான தட்டை எடுப்பது போல இரண்டு கையாலும் பந்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

கோலி பந்தை ஆறு வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. எதிரணி ஃப்ரீ கிக் கேட்கலாம். ஹிக்மத் வாயைத் திறந்தார், நவ்வார் அவர் காலை மிதித்தான். வாய் மூடிக்கொண்டது. இந்த முறை தர்வத் எல்லாவற்றையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உஸ்தாத்," என்றார் அபூ ரஸ்லான், "நேரம் ஓடுதா?"

ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல மாமா," என்றான் தர்வத். "மெதுவா அடிங்க."