ஆறு அறை வளர்ந்த வீடு

கடிகாரம் ரிப்பேர் செய்பவர் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே வாங்கிப் போட்டிருந்த ஒற்றை அறை வீடு, கல்யாணமான பதினோராம் நாள் காலை ஓர் அறை வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, ஜன்னல் தன் பக்கம் திறக்காதவரை ஆட்சேபணை இல்லை என்று சொல்லிப் போனார். புதுப் பெண்டாட்டி தையல்காரி. துணிப்பெட்டியை வைக்க இடம் தேடி அலுத்து, சுவரில் சாய்ந்து, இடம் பத்தலையே என்று பெருமூச்சு விட்டிருந்தாள். சுவர் மரியாதையாகப் பத்தடி பின்வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஆறு தடவை. நகர்ந்த சுவர் பூச்சில்லாமல் வெறும் செங்கலாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்காரர் பூசி வெள்ளையடிப்பார். கடைசியாக வந்தது மிஷின் அறை. அதன் ஜன்னல் வெயில் நேராக ஊசிக்காதில் விழும். கண் மங்கத் தொடங்கியிருந்த தையல்காரிக்கு அந்த ஜன்னல் இல்லையென்றால் தொழில் இல்லை.

ஏழு அறை ஆனபின் இருவரும் கண்ணில் படுவதே அபூர்வமாயிற்று. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது, கடைசியில் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கோர்ட்டில் நாத்தனார்தான் முதலில் எழுந்தாள். "எங்கண்ணன் தனியாளா இருந்தப்ப வாங்கின வீடுங்க. அது குட்டி போட்டா குட்டியும் அவனுக்குத்தான்."

முன்பே இருந்த அறை அவருடையது, அதில் பேச்சில்லை என்றார் நீதிபதி. மற்ற ஆறும் தானாக வளர்ந்திருந்தால் அவருக்கே. இருவர் உழைப்பில் வளர்ந்திருந்தால் ஆளுக்குப் பாதி. அதைக் கண்ணால் பார்த்துவிட, சர்வேயரோடு வீட்டுக்கே வந்தார். கடிகாரக்காரர் சுவரில் சாய்ந்து இடம் போதவில்லை என்று மூன்று முறை சொன்னார். உச்சந்தலையில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. தையல்காரி சாயக்கூட இல்லை. "இத்தனை பேர் நிக்க எங்க இடமிருக்கு" என்றாள். சுவர் ஓரடி நகர, அதில் சாய்ந்திருந்த சர்வேயர் டேப்போடு மல்லாந்தார்.

ஆறும் தையல்காரிக்கே என்று சொல்ல நீதிபதி வாயெடுத்தார். அப்போது அவள், யாரும் கேட்காமலே, "பூச்சு எல்லாம் அவருங்க. நல்லாவே பூசுவாரு" என்றாள். கடிகாரக்காரர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு மூன்று என்று தீர்ப்பானது. மிஷின் அறை அவளுக்கு. மறுநாள் காலை அவளுடைய மூன்று அறைகளும் கழன்று, எதிர்ப்புறக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தன. பால்காரர் எந்தக் கதவைத் தட்டுவது என்று மட்டும் கேட்டார். பிறகுதான் தெரிந்தது, சமையலறை அவளோடும் குளியலறை அவரோடும் போயிருந்தது. தினமும் காலையில் அவர் டம்ளரோடு தெருவைக் கடந்தார், அவள் துண்டோடு கடந்தாள். நடுத்தெருவில் நின்று பேசியது, ஏழு அறையில் பேசியதைவிட அதிகம்.

இரண்டாம் வருஷம் தெருவுக்கு மேலே அவள் சுவரிலிருந்து ஒரு நடைவழி நீளத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏணி போட்டுப் பூசினார். சர்வேயர் அளக்க வந்தார். அவர் படிவத்தில் கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின் என்று இரண்டே கட்டங்கள். ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, விவாகரத்துக்குப் பின் என்று தலைப்பிட்டு, நீளம் பதினெட்டடி, பூச்சு இன்னும் காயவில்லை என்று குறித்துக்கொண்டு, நடைவழிக்கு அடியில் குனிந்து நடந்து போனார்.